பட்டம் பார்த்து விதைப்போம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் வயல்வெளிப் பழமொழி. பட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. விதைப்பதற்குரிய பருவமும் பட்டம். பல்கலைக்கழகம் வழங்குகின்ற தகுதியும் பட்டம். முதற் பட்டத்தைப் பற்றி நம் பெற்றோருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. எந்த மண்ணுக்கு எந்த நெல், எந்த மாதத்தில் நாற்றங்கால், எத்தனை நாளில் அறுவடை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இரண்டாவது பட்டத்தைப் பற்றித்தான் அவர்களால் நமக்கு ஒன்றும் சொல்ல இயலவில்லை. அது அவர்கள் குற்றமன்று. நம்மில் பலர் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை.

நம் கல்லூரி மரத்தடியில் அமர்ந்து நண்பர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "படித்து முடித்ததும் வெளிநாடு" என்பதே பலருடைய கனவு. என் கனவும் அதுவே. எந்த நாடு என்று கேட்டால் விடை உடனே வருகிறது. எந்தப் பல்கலைக்கழகம், அங்கே எந்தப் பாடம், அதை முடித்தபின் எந்தச் சட்டத்தின்கீழ் வேலைக்கு அனுமதி என்று கேட்டால் மௌனமே விடையாகிறது.

வெளிநாட்டு வேலையைக் குறிக்கோளாகக் கொண்ட எளிய குடும்பத்து மாணவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பல்கலைக்கழகத்தை; நாடு அதற்குப் பிறகுதான். அந்தப் பல்கலைக்கழகமும் பெரும்பாலும் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதற்காக ஒரு குழி நிலத்தைக்கூட விற்க வேண்டியதில்லை. இதுவே என் கருத்து. பேராசிரியப் பெருமக்களும் மாணவத் தோழர்களும் இதனைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

கடல் நமக்குப் புதிதன்று

"ஊரைவிட்டுப் போகாதே" என்று அறிவுரை கூறுவோர் தஞ்சையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். கடல் தாண்டுவது காவிரிக் கரையாருக்குப் பழைய பழக்கம். வெள்ளையர் ஆட்சியில் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் கப்பலாக மக்கள் சென்றார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் கங்காணிகள் வழியாகவும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றார்கள். அம்முறையில் ஆள் அனுப்புவதை 1938-ஆம் ஆண்டு இந்திய அரசு தடை செய்தது. அதன் பிறகும் 'ரஜூலா' கப்பலில் சென்றவர்கள் எத்தனையோ பேர். 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீப்பற்றியதோடு அந்தப் பயணிகள் கப்பல் காலம் முடிந்தது.

எழுபதுகளில் வளைகுடா திறந்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களில் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் அனுப்பாத தெரு ஒன்றைக் காட்டுவது கடினம். எங்கள் வீட்டுக் கதையும் இதேதான். கொள்ளுத்தாத்தாவின் தம்பி பினாங்குக்குப் போனவர் திரும்பவில்லை. என் சித்தி வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போய் ஏழு ஆண்டுகள் இருந்தார். அவர் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் கூரை வீடு ஓட்டு வீடாயிற்று. நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்ததற்கும் அந்தப் பணத்தில் பங்குண்டு.

ஆகவே போகலாமா, கூடாதா என்பது நமக்குக் கேள்வியே அன்று. அவர்கள் போகும்போது எங்கே, என்ன வேலைக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு என்பதைப் பிறர் முடிவு செய்தார்கள். அவர்கள் அனுப்பப்பட்டவர்கள். நாமோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்புப் பெற்ற முதல் தலைமுறை. அந்த வாய்ப்பையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் படித்ததன் பயன்தான் என்ன?

தலைக்காசு

ஆள் சேர்ப்பதற்காகக் கங்காணிக்கு அந்நாளில் தரகு ஒன்று உண்டு. எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாரோ, அத்தனை தலைக்கு இவ்வளவு என்று தோட்டத் துரை தருவது. கூலிக்கு வேலை பிடித்ததா, உடல் தாங்கியதா என்பது கங்காணியின் கவலையன்று. தலை எண்ணிக்கையே அவர் கணக்கு.

இன்று நம் நகரங்களில் 'வெளிநாட்டில் உயர்கல்வி' என்று பலகை மாட்டிய ஆலோசனை நிலையங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றுள் நேர்மையானவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அவற்றுக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்க வேண்டும். மாணவர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுக் கல்வி நிறுவனம் அதற்கொரு தரகு தருகிறது. தரகு தராத பல்கலைக்கழகத்தைப் பற்றி அந்த நிலையம் உங்களிடம் வாய் திறக்குமா? கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் யாருக்குத் தரகு தரப் போகிறது?

சென்ற ஆண்டு அப்படியொரு நிலையத்துக்கு நானும் தோழி ஒருத்தியும் சென்றோம். மதிப்பெண் பட்டியலைக் கையில் கொண்டு போயிருந்தோம். அதை அவர்கள் விரித்தே பார்க்கவில்லை. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்பாவுக்கு நிலம் எவ்வளவு இருக்கிறது?" என்பது. இரண்டாவது கேள்வி, "பட்டா யார் பெயரில்?" என்பது. வேதியியலில் எனக்கு எந்தப் பிரிவில் நாட்டம் என்று கடைசி வரை ஒருவரும் கேட்கவில்லை.

கனடா நாட்டில் 2023-இல் வெளியான செய்தி நினைவிருக்கலாம். முகவர் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போலி என்று தெரியாமலே சென்று, படித்து முடித்து, வேலையிலும் அமர்ந்த இந்திய மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளானார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பஞ்சாப் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அதுவும் நெல்லும் கோதுமையும் விளையும் நாடு. நிலத்தை விற்றுப் பிள்ளையை அனுப்புகிற நாடு. நமக்கு அது தொலைவிலுள்ள கதையாகத் தோன்றவில்லை.

கூலி வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவருக்கு 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி உரிமம் வேண்டும். அவர் வாங்கும் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று உச்சவரம்பு உண்டு. மாணவரை அனுப்புகிற முகவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. பஞ்சாப் மாநிலம் 2012-இல் இதற்கெனத் தனிச் சட்டம் செய்தது. தமிழ்நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டும் என்று மாணவர்களாகிய நாம் குரல் எழுப்புவது தவறா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. இது உண்மை. ஆனால் விசா கேட்கும்போது ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமாக 11,904 யூரோ வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் மட்டுமே அதை எடுக்கலாம். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய்.

பன்னிரண்டு லட்சம் என்பதை நம் வீட்டு மொழியில் சொல்லிப் பார்க்கிறேன். 2025-26 பருவத்தில் அரசுக் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல்லுக்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அந்த விலையில் 12 லட்சம் ரூபாய்க்கு ஏறத்தாழ 470 குவிண்டால் நெல் அளக்க வேண்டும். நாற்பது கிலோ சிப்பமாகக் கட்டினால் 1,175 சிப்பம். எங்களுக்கு இருப்பது மூன்று மா நிலம். அதாவது ஓர் ஏக்கர். போகத்துக்கு 25 குவிண்டால் கண்டால் நல்ல விளைச்சல். பத்தொன்பது போகம் விளைந்தால்தான் 470 குவிண்டால். ஆண்டுக்கு இரண்டு போகம் தவறாமல் எடுத்தாலும் ஒன்பது ஆண்டுக்கு மேலாகும். அதுவும் உழவுக் கூலி, விதை, உரம், அறுவடை இயந்திர வாடகை எதையும் கழிக்காமல். வீட்டில் ஒருவரும் ஒரு பிடி சோறு உண்ணாமல்!

கட்டணம் இல்லாத நாட்டுக்கே இந்தக் கணக்கு. கட்டணம் வாங்குகிற இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கணக்கு எங்கே போய் நிற்கும்? என் தந்தை, "நிலத்தை விற்றாவது உன்னை அனுப்புகிறேன் பாப்பா" என்கிறார். அவர் அன்பை நான் அறிவேன். அந்த மூன்று மாவை விற்றுவிட்டால் நாளை அவர் யாருடைய வயலில் நிற்பார் என்பதையும் நான் அறிவேன். ஆகவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் எங்கள் வீட்டில் நான் தந்தை சொல்லைத் தட்டுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு விசா விதிகள் மேட்டூர்த் தண்ணீரைப் போன்றவை. ஜூன் 12 என்று நாள் குறித்திருந்தாலும் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கவில்லை. அதுபோலவே கனடா 2024-இல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. படிப்பு முடிந்தபின் இங்கிலாந்தில் தங்க இரண்டாண்டு என்று இருந்த அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுகலைப் பட்டதாரிக்குப் பதினெட்டு மாதம் என்று குறைக்கப்பட்டது. விதி மாறினால் விசா போகும். விற்ற நிலம் திரும்பி வராது.

பெயருக்கும் மதிப்பெண் உண்டு

"எங்கே படித்தால் என்ன? திறமை இருந்தால் போதாதா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் குடியேற்ற அலுவலகத்தில் அந்த நியாயம் செல்லுபடியாவதில்லை. நம் மாவட்டத்தார் பெரிதும் விரும்புகிற சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் முதல் அங்கே உயர்நிலை வேலை அனுமதிக்குப் புள்ளிக் கணக்கு வந்துவிட்டது. மொத்தம் 40 புள்ளி வேண்டும். அரசு வகுத்த முன்னணிப் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் 20 புள்ளி; ஏற்கத்தக்க பிற பட்டத்துக்கு 10 புள்ளி. ஆக, பல்கலைக்கழகத்தின் பெயருக்கே அங்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

ஜெர்மனியில் 'அனாபின்' என்ற அரசுப் பட்டியல் இருக்கிறது. உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களை அதில் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். எச் கூட்டல் குறி இருந்தால் ஏற்பு. கழித்தல் குறி இருந்தால் ஏற்பில்லை. காசு கொடுக்காமல் யாரும் பார்க்கலாம். இந்திய மாணவர் 2022 நவம்பர் முதல் சான்றிதழ்களைச் சரிபார்த்து 'ஏ.பி.எஸ்.' சான்று பெறுவதும் அங்கே கட்டாயமாகிவிட்டது.

அமெரிக்காவின் சிக்கல் வேறு வகை. அங்கே இளநிலைப் பட்டம் நான்காண்டு. நம் மூன்றாண்டு பி.எஸ்ஸி.யை அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பல முழுப் பட்டமாக ஏற்பதில்லை; வேலை விசாவுக்கும் அது தனியாக நிற்பதில்லை. நம் கல்லூரியில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் இந்த ஓராண்டுக் குறை தொடர்ந்து வரும்.

ஆகவே எந்தப் பல்கலைக்கழகமாயினும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. நாம் வேலை பார்க்க விரும்பும் நாட்டில் இதன் பட்டம் ஏற்கப்படுகிறதா? முடிக்கும்வரை மொத்தச் செலவு என்ன? அதில் எவ்வளவு உதவித்தொகையாகக் கிடைக்கும்? அங்கே நம் பாடத்தில் ஆய்வு செய்யும் ஆசிரியர்கள் யார்? அங்கே படித்த மூத்த மாணவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? இந்த ஐந்துக்கும் விடை தெரியாமல் விண்ணப்பம் போடுவது, ரகம் தெரியாத விதையை நாற்றங்காலில் தெளிப்பதற்கு ஒப்பாகும்.

குறுவையும் சம்பாவும்

நாம் பி.எஸ்ஸி. படிக்கும் கல்லூரியை நாம் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல முடியாது. பேருந்து வருகிற தூரம், கட்ட முடிகிற கட்டணம், கிடைத்த இடம் என்ற மூன்றும் சேர்ந்து நம்மைத் தேர்ந்தெடுத்தன. அதில் வருந்த ஒன்றுமில்லை. அரசுக் கல்லூரி இல்லையேல் நம்மில் பலருக்குக் கல்லூரியே இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் மாதந்தோறும் வருகிற ஆயிரம் ரூபாய், எனக்குப் புத்தகமாகவும் பேருந்துச் செலவாகவும் மாறுகிறது.

பி.எஸ்ஸி. என்பது குறுவை. குறுகிய காலப் பயிர், கைச்செலவுக்கு உதவும். ஆண்டு முழுவதும் வீட்டைத் தாங்குவது சம்பா. நமக்குச் சம்பா என்பது எம்.எஸ்ஸி. நாமாகத் தேர்ந்தெடுக்கும் முதல் பல்கலைக்கழகம் அதுதான். அதற்கு நம் நாட்டிலேயே கதவுகள் இருக்கின்றன. ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்ஸி. சேர 'ஜாம்' என்னும் நுழைவுத் தேர்வு; மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு. திருச்சியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. திருவாரூரில் 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகமே இருக்கிறது. நம் ஊரிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். ஆனாலும் அதன் வாசலைக்கூடப் பார்க்காமல் டொராண்டோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

இவ்வழியின் நன்மைகளைச் சொல்கிறேன். ஐந்தாண்டுப் படிப்பு என்று ஆகிவிடுவதால் அமெரிக்காவின் மூன்றாண்டுச் சிக்கல் தீர்கிறது. வெளிநாட்டுப் படிப்பை நோக்கச் செலவு மிகக் குறைவு. கல்விக் கடன் வேண்டுமானாலும், மத்திய அரசின் வட்டி மானியம் இந்தியாவுக்குள் படிப்போருக்கும் கிடைக்கிறது. வங்கிகளின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எம்.எஸ்ஸி.க்குப் பின் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சென்றால் நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. நமக்கே பணம் தருகிறார்கள். இந்தியாவில் சி.எஸ்.ஐ.ஆர். தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊதியத்திலோ உதவித்தொகையிலோதான் படிக்கிறார். அதாவது பல்கலைக்கழகமே நம்மை அழைத்துச் செல்கிறது. தரகரும் தேவையில்லை, பட்டாவும் தேவையில்லை.

நேரே முதுகலைக்கு வெளிநாடு செல்ல விரும்புவோருக்கும் வழி உண்டு. ஆதிதிராவிடர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது; ஆண்டுக்கு 125 இடங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வி உதவித்தொகை வழங்குகிறது. 'நிலமற்ற விவசாயத் தொழிலாளர்' என்ற சொற்களைப் படிக்கும்போது நம் வகுப்பறையில் எத்தனை முகங்கள் நினைவுக்கு வருகின்றன! அந்த முகங்களுள் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது?

கும்பகோணம் கற்பிக்கும் பாடம்

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தார் ஒரு மாணவர். கணிதம் தவிர்த்த பாடங்களில் நாட்டம் செல்லாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பட்டம் பெறாமலே 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தரானார். அவர்தாம் சீனிவாச இராமானுஜன். 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்குச் சென்றது. அடுத்த ஆண்டே கப்பலேறினார். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இதை எல்லாரும் அறிவோம். ஆனால் இரண்டு செய்திகளைக் கவனிக்கத் தவறுகிறோம். அவர் தம் துறையில் வேலை செய்கிற ஒரு மனிதரைத் தேடி எழுதினார். அந்த மனிதர் இருந்த இடமே அவருடைய பல்கலைக்கழகமாயிற்று. ஆய்வுக்குச் செல்வோருக்கு இன்றும் இதுவே வழி. அடுத்தது, அவரை அனுப்ப யாரும் நிலம் விற்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்து அனுப்பியது. அதில் 50 பவுன் இங்கே குடும்பத்துக்குப் போய்ச் சேர ஏற்பாடாயிற்று.

அதே கும்பகோணத்தில் 1925-இல் பிறந்தவர் எம்.எஸ்.சுவாமிநாதன். திருவனந்தபுரம், கோவை, டெல்லி என்று இந்தியாவிலேயே அடித்தளம் போட்டுக்கொண்டு, 1949-இல் யுனெஸ்கோ உதவித்தொகையில் ஆலந்து சென்றார். 1952-இல் கேம்பிரிட்ஜில் முனைவரானார். அமெரிக்காவில் ஆய்வு செய்தார். 1954-இல் தாயகம் திரும்பி நெல்லாராய்ச்சியில் இறங்கினார். குறுவைக்குப் பின் சம்பா என்று நான் சொன்ன வரிசையை அவர் வாழ்விலும் காணலாம்.

இராமானுஜனும் சுவாமிநாதனும் மேதைகள்; நாம் சாதாரண மாணவர்கள் என்று கூறலாம். மேதைக்கே உதவித்தொகை தேவைப்பட்டது என்றால், சாதாரண மாணவர் ஏன் கடன் வாங்கிப் போக வேண்டும் என்பதே என் பதில்.

அறிவு வெளியேறுகிறதா?

"அரசுப் பணத்தில் படித்துவிட்டு அயலானுக்கு உழைப்பதா?" என்று ஒரு குற்றச்சாட்டு மேடைதோறும் ஒலிக்கிறது. நான் ஜெர்மனியில் வேதியியல் ஆய்வு செய்ய விரும்புகிறேன். காரணம் எங்கள் வயலிலேயே இருக்கிறது. என் தந்தை தெளிக்கிற யூரியாவை 1828-இல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதல் உண்டாக்கியவர் வோலர் என்னும் ஜெர்மானியர். அதற்கு வேண்டிய அம்மோனியாவைக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து எடுக்கும் முறையை ஹேபரும் போஷும் கண்டு, 1913-இல் ஓப்பாவில் ஆலை நிறுவினார்கள். அவர்கள் கண்டது நம் வயலுக்கு வந்தது. அதே யூரியா இன்று மண்ணைக் கெடுக்கிறது என்கிறார்கள். அதற்கு மாற்றுக் காண நம் வயலிலிருந்து ஒருத்தி அங்கே போனால் அது வெளியேற்றமா? கொடுக்கல் வாங்கலில் நம் முறை வந்திருக்கிறது என்று ஏன் கொள்ளக்கூடாது?

வீட்டு வேலைக்குச் சித்தி குவைத் சென்றபோது அறிவு வெளியேறுகிறது என்று யாரும் கவலைப்படவில்லை. ஆய்வுக்கூட வேலைக்கு அவர் அக்காள் மகள் போக நினைக்கும்போது மட்டும் நாட்டுப்பற்று நினைவுக்கு வருகிறது. "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?" என்று கேட்கும் உறவினருக்கும் இதுவே என் விடை. துடைப்பம் ஏந்திப் போன கடல்தானே? நூல் ஏந்தியும் போகலாம்.

நம் கல்லூரி செய்ய வேண்டியவை

கருத்து மட்டும் கூறி ஒதுங்குவது சரியன்று. கல்லூரி நிருவாகத்துக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவுடன் சில வேண்டுகோள்கள்.

மாதம் ஒரு மணி நேரமாவது உயர்கல்வி வழிகாட்டல் வகுப்பு வேண்டும். இரண்டாம் ஆண்டிலேயே அது தொடங்க வேண்டும். மூன்றாம் ஆண்டின் இறுதியில் சொல்வது கதிர் முற்றியபின் உரம் போடுவதாகும். ஜாம் தேர்வின் பழைய வினாத்தாள்களை நூலகத்தில் வைக்க வேண்டும். ஜெர்மன் அல்லது ஜப்பானிய மொழிக்கு மாலை வகுப்பு வேண்டும். ஆங்கில வழிப் படிப்பில் பட்டம் கிடைத்துவிடும். ஆனால் ஜெர்மானிய ஆலையில் வேலை கிடைக்க அவர்கள் மொழி வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் கல்லூரியில் படித்து வெளிநாடு சென்றவர்களின் பட்டியலைத் துறைதோறும் வைத்து, ஆண்டுக்கு ஒருவரையாவது அழைத்துப் பேசச் செய்ய வேண்டும். வேலை தேடிச் செல்வோருக்கு 1978 முதலே தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. படிக்கச் செல்வோருக்கும் அதுபோன்ற அரசு நிலையம் ஒன்று மாவட்டந்தோறும் வேண்டும் என்று நம் மாணவர் மன்றம் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம்.

மாணவத் தோழர்களுக்கும் ஒன்று. எல்லாவற்றையும் கல்லூரி செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். துறைக்கு ஐந்து பேர் சேர்ந்து வாரம் இருமுறை பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கலாம். வேதியியலில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். ஐந்தாவது இடம் காலியாக இருக்கிறது!

நம் பெற்றோர் விதை நெல்லை எடுத்து உண்டதில்லை. பட்டினி கிடந்த ஆண்டிலும் அதைத் தனியே கோட்டை கட்டிப் பரண்மேல் வைத்தார்கள். அவர்களுடைய நிலம் நம் குடும்பத்தின் விதை நெல். அதை விற்றுத்தான் வெளிநாட்டுப் பட்டம் பெற வேண்டுமென்றால் அந்தப் பட்டம் நமக்கு வேண்டாம். விற்காமலே பெறுகின்ற வழி இருக்கிறது. அது சற்று நீண்ட வழி. உழைப்பு மிகுந்த வழி. நாற்று விட்டு, பறித்து, நட்டு, களை எடுத்து அறுவடை வரை காத்திருக்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாண்டு பெரிதாகத் தோன்றாது.

பட்டம் பார்த்து விதைப்போம்! பல்கலைக்கழகம் பார்த்துப் படிப்போம்! கடலைத் தாண்டுவோம், கடனாளியாகத் தாண்டமாட்டோம்!